அடுத்த ஷாட்டை ஏன் நம்புகிறோம்?

கதவைத் திறக்கும் கை ஒரு ஷாட். அறைக்குள் நுழையும் முகம் அடுத்த ஷாட். இரண்டும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் எடுக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் ஒரே ஆள், ஒரே நொடி என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். இப்படி இட்டு நிரப்பும் பழக்கம் இல்லையென்றால் எந்தப் படமும் புரியாது. நிஜத்தையும் பிரமையையும் குழப்பும் திகில் படங்கள் கைவைப்பது இந்தப் பழக்கத்தின் மீதுதான். கனவோ நினைவோ வரும்போது சினிமா வழக்கமாக முன்கூட்டியே அறிவித்துவிடும்: திரை மங்கும், இசை மாறும், நம் ஊர்ப் படங்களில் கொசுவத்திச் சுருள் சுற்றும். அந்த அறிவிப்பை நீக்கிவிட்டால் போதும், பயமுறுத்தப் பேய் தேவையில்லை.

சடோஷி கொன் 1997-இல் இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படமான ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ இதைக் கற்க நல்ல பாடம். பாட்டுக்குழுவை விட்டு வந்த மீமா, தொலைக்காட்சித் தொடரில் நடிக்கிறாள். ஒரு கொலை நடக்கிறது. உடனே மீமா தன் படுக்கையில் விழிக்கிறாள். கனவுதான் என்று நாம் மூச்சுவிடும்போது அலமாரியில் ரத்தக்கறை படிந்த உடை கிடைக்கிறது. மனநல மருத்துவர்கள் அவளை ஆராய்கிறார்கள். திடீரென ‘கட்’ என்ற குரல் கேட்க, அது தொடரின் காட்சி என்று தெரிகிறது. எந்தத் தாவலுக்கும் தனி அடையாளம் இல்லை.

அனிமேஷனில் எதையும் வரையலாமே, இதில் என்ன திறமை என்று கேட்கலாம். எதையும் வரைய முடிந்தும் கொன் வரையாமல் விட்டதுதான் திறமை. 1920-இல் வந்த ‘தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகாரி’ என்ற ஜெர்மானியப் படத்தில் சுவரும் ஜன்னலும் கோணலாக நிற்கும். பார்த்ததுமே இது இயல்பான உலகமல்ல என்று உஷாராகிவிடுவோம். கொன் படத்திலோ பிரமைக்கும் அதே நெருக்கடியான டோக்கியோ அறை, அதே மீன்தொட்டி, அதே கோடு.

இது பார்வையாளரை ஏமாற்றும் வேலை என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ‘எல்லாம் கனவு’ என்று கடைசியில் கைகழுவும் படங்களுக்கு அது பொருந்தும். கொன் கணக்குக் காட்டுகிறார். இறுதித் துரத்தலில், மேடை உடை அணிந்த இன்னொரு மீமா காற்றில் மிதப்பதுபோல வருகிறாள். கடைக் கண்ணாடியில் தெரிவதோ மூச்சிரைக்க ஓடும் வேறொரு கனத்த உடல். யாருடையது என்று சொல்லி, பார்க்காதவர்களுக்குப் படத்தைக் கெடுக்க வேண்டாம். மாயமும் நிஜமும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. முதல் முறை பார்க்கும்போது மிதப்பவள் மேலேயே பார்வை போய்விடுவதற்கு இயக்குநரை எப்படிக் குற்றம் சொல்வது?