துணிப்பையும் திறந்த கதவும்



மே மாத மதிய வெயிலில் சென்னை தியாகராய நகர் நடைபாதையில் நடக்கிறோம். வியர்வை வழிகிறது. திடீரென்று கால்களில் சில்லென்று காற்று படுகிறது. திரும்பிப் பார்த்தால், பெரிய துணிக்கடை ஒன்றின் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே ஓடும் ஏ.சி.யின் குளிர் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதே வாசலில், ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், பூமியைக் காப்போம்’ என்ற அறிவிப்பும் தொங்குகிறது.

அந்த அறிவிப்பை நாம் குறை சொல்லவில்லை. 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. துணிப்பை கொடுக்கும் கடைக்காரர் நல்லதையே செய்கிறார். ஆனால் பையில் காட்டும் அக்கறையைக் கதவில் ஏன் காட்டுவதில்லை?

மத்தேயு நற்செய்தி 23-ஆம் அதிகாரத்தில் இயேசு இத்தகையோரைச் சந்திக்கிறார். அவர்கள் புதினா, சோம்பு, சீரகம் ஆகியவற்றில்கூட பத்தில் ஒரு பங்கை எண்ணிக் கடவுளுக்குக் கொடுத்தார்கள். நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்று ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டார். ஒன்றைக் கவனியுங்கள்: புதினாவில் பங்கு கொடுப்பதை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. அதையும் செய்யுங்கள், பெரியதையும் விடாதீர்கள் என்பதே அவர் கேட்டது. துணிப்பையும் வேண்டும், மூடிய கதவும் வேண்டும்.

திறந்த கதவு அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. அது கதவின் அடிப்பக்கமாக வழிந்து வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, மேற்பக்கமாக வெளியிலிருந்து வெப்பக் காற்று நுழைகிறது. கடற்கரை ஊர்களில் அந்தக் காற்றில் ஈரமும் மிகுதி. ஏ.சி. அந்தக் காற்றைக் குளிர்விப்பதோடு, ஈரத்தையும் நீராக்கி வெளியேற்ற வேண்டும். ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் அதுதான். கதவு திறந்திருக்கும்வரை இந்த வேலை முடிவதே இல்லை. வாசலுக்கு மேலே பொருத்தும் காற்றுத்திரைக் கருவி இழப்பைக் குறைக்கும். ஆனால் அது மூடிய கதவுக்கு ஈடாகாது. கடைக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட வெப்பமும் எங்கோ மறைந்துவிடுவதில்லை. ஏ.சி.யின் வெளிப்பெட்டி அதைத் தெருவில் கொட்டுகிறது. அங்கே தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மா நிற்கிறார்.

கடைக்காரர்களிடம் ஒரு பதில் உண்டு. “கதவு மூடியிருந்தால் கடை மூடியிருப்பதாக நினைப்பார்கள், சாமி. ஏழைகள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரத் தயங்குவார்கள்” என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஆள் வரும்போது தானே திறந்து மூடும் கதவு இருக்கிறது. ‘வாங்கம்மா’ என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட வாசலில் ஓர் ஊழியரும் இருக்கிறார். அந்த வரவேற்பு, வீணாகும் குளிர்காற்றைவிட ஏழைக்கு மதிப்பைத் தரும்.

ஏழைகளைப் பற்றிப் பேசுவதென்றால், கடை வாசலோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் குளிருக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காற்றாலையும் சூரிய ஒளியும் நம் மாநிலத்தில் வளர்ந்திருந்தாலும், நிலக்கரியை இன்னும் பெருமளவில் எரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. எண்ணூர் அருகேயுள்ள வட சென்னை அனல்மின் நிலையத்தில் அந்தச் சாம்பலை நீரில் கலந்து குழாய் வழியே அனுப்புகிறார்கள். அக்குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் படிந்தது. ஆறு ஆழம் குறைந்துவிட்டது, இறாலும் மீனும் குறைந்துவிட்டன என்று அங்குள்ள மீனவ மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். தியாகராய நகரில் கதவு திறந்திருக்க, எண்ணூரில் வலை வெறுமையாகிறது. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் சுற்றுமடலில் கற்பித்தது இதனால்தான். ஏ.சி. பயன்பாடு பெருகிவருவதையும் அதே மடலில் அவர் எடுத்துக்காட்டாகச் சுட்டினார்.

பிற நாடுகளில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. நியூயார்க் நகரம் 2008-இல் பெரிய கடைகளுக்கும், 2015-இல் சிறிய கடைகளுக்கும், ஏ.சி. ஓடும்போது கதவைத் திறந்து வைக்கத் தடை விதித்தது. 2022 ஜூலையில் பாரிஸ் மாநகரம் இதற்கு 150 யூரோ அபராதம் அறிவித்தது. அடுத்த மாதமே ஸ்பெயின் அரசு, கோடையில் கடைகளை 27 டிகிரிக்குக் கீழே குளிரூட்டக் கூடாது என்றும், காட்சிச் சன்னல்களின் விளக்குகளை இரவு 10 மணிக்கு அணைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பாடு வந்தபோதுதான் ஐரோப்பா விழித்துக்கொண்டது. தட்டுப்பாடு வரும்வரை நாமும் காத்திருக்க வேண்டுமா?

கடைக்காரர்களைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. படைப்பின் காலத்தில் ‘இயற்கையைப் பேணுவோம்’ என்று ஆலய வாசலில் பேனர் கட்டினோம். அது பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ். திருப்பலி முடிந்து மக்கள் போன பின்னும் மின்விசிறிகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஒரு விசிறிக்கு 75 வாட் என்றால், 40 விசிறிகள் ஒரு மணி நேரம் வீணாகச் சுழல 3 யூனிட் மின்சாரம் போகிறது. காலியான இருக்கைகளுக்கு யார் விசிறுகிறோம்?

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, திருப்பலி முடிந்ததும் கடைசியாக வெளியேறுபவர் விசிறியையும் விளக்கையும் அணைக்கட்டும். பீடச்சிறுவர்களிடம் மட்டும் அந்தப் பொறுப்பை விட்டுவிட வேண்டாம். இரண்டாவது, வீட்டிலும் கடையிலும் ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதிருப்போம். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று நம் நடுவண் அரசு தெரிவித்துள்ளது. மூன்றாவது, திறந்த கதவுள்ள கடைக்குள் நுழைந்தால், மேலாளரிடம் அன்போடு சொல்வோம்: “ஐயா, பை துணியில் தருகிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. கதவையும் மூடி வைக்கலாமே.” பத்துப் பேர் சொன்னால் அவர் யோசிப்பார். நம் பங்கிலேயே கடை வைத்திருப்பவர்கள், யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருகச் செய்த ஆண்டவர், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னார். அள்ளிக் கொடுக்க வல்லவரே சிந்தியதைப் பொறுக்கச் சொல்கிறார் என்றால், நாம் எம்மாத்திரம்?

அன்புத் தந்தையே, சிறியதில் காட்டும் கவனத்தைப் பெரியதிலும் காட்ட எங்களுக்குக் கற்றுத் தாரும். எங்கள் வசதியின் சுமை ஏழைகளின் ஆற்றிலும் வலையிலும் விழாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.