வாசலில் தொங்கும் பாலைவனம்

செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளைக்குக் காளவாசல் என்று பெயர். மதுரையின் மேற்குப் பக்கம் அதே பெயருள்ள பகுதியில் சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்குப் பெயர்ப் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை!

அங்கே வீட்டு வாசல்களைக் கவனித்திருக்கிறீர்களா? சோற்றுக் கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டியிருப்பார்கள், திருஷ்டிக்காக. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது; மாதங்கள் கழிந்தும் பச்சை மாறாது!

இது பிறந்த வீட்டுப் பழக்கம். கற்றாழையின் தாயகம் அரேபியாவின் வறண்ட நிலம். மற்றச் செடிகள் பகலில் இலைத் துவாரங்களைத் திறந்து வைக்கும். அந்த வழியே நீரும் ஆவியாகிப் போய்விடும். கற்றாழையோ கெட்டிக்காரி! பகலில் கதவை அடைத்துக்கொள்கிறாள். இரவுக் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பாக மாற்றிச் சேமிக்கிறாள். மறுநாள் மூடிய கதவுக்குள்ளேயே வெயிலைக்கொண்டு சமையலை முடித்துவிடுகிறாள்! மடலுக்குள் இருக்கும் வழவழப்பான சோறுதான் அவளுடைய தண்ணீர்ப் பானை.

ஆனால், வரவில்லாத வீட்டில் சேமிப்பு எத்தனை நாள் வரும்? மடல் மெலிந்து சுருங்கினால் பானை வற்றுகிறது என்று அறியுங்கள். உடனே இறக்கி, மணல் கலந்த மண்ணில் நட்டு, அளவாக நீர் விடுங்கள். நீர் மிகுந்தால் வேர் அழுகிவிடும். பிழைத்துக்கொண்டால் பக்கத்தில் கன்றுகளும் விடும்.

வாசலைக் காக்க வந்தவளை நாம் காக்க வேண்டாமா?