யாருக்கு யார் பிள்ளை? – 6: நிறப் பொருத்தம்

இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் வாழும் சந்தீப் – ரீனா மாந்தர் தம்பதி, 2016இல் தத்தெடுக்க முன்வந்தார்கள். இருவரும் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். இந்திய வம்சாவளிச் சீக்கியர்கள். எந்த இனத்துக் குழந்தையானாலும் வளர்க்கிறோம் என்றார்கள். உள்ளாட்சியின் தத்து முகமையோ விண்ணப்பமே வேண்டாம் என்று தடுத்துவிட்டது. காத்திருப்பவர்கள் வெள்ளைக்காரக் குழந்தைகள், அவர்களுக்கு வெள்ளைக்காரப் பெற்றோருக்கே முன்னுரிமை என்பது அது சொன்ன காரணம்.

தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். இது இனப் பாகுபாடே என்று 2019 டிசம்பரில் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 1,20,000 பவுண்டு இழப்பீடு. அதில் பாதியளவு, அவர்கள் கடைசியில் வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க ஆன செலவுக்காக.

இந்தப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. 1972இல் அமெரிக்கக் கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளுக்குக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தது. நிறவெறி நிறைந்த நாட்டில் தலைநிமிர்ந்து வாழ அந்தக் குழந்தைக்கு யார் கற்றுத்தருவார்கள் என்ற கவலை அதில் இருந்தது. இங்கிலாந்திலும் 2002ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொன்னது. ஆனால், பொருத்தமான வீடு கிடைக்கும்வரை கறுப்பினக் குழந்தைகள் நெடுங்காலம் காத்துக்கிடக்கிறார்கள் என்ற புகார் வலுத்தது. 2014இல் இங்கிலாந்து அந்தப் பிரிவை நீக்கியது. வேல்ஸில் அது நீடிக்கிறது.

அமெரிக்கா முன்பே அந்தப் பாதையில் போனது. 1994, 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள், இனத்தைக் காட்டித் தத்துக் கொடுப்பதைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்றன. மீறியதற்காக 2003இல் ஒஹையோவின் ஹாமில்டன் கவுண்டி விவகாரத்தில் 18 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே 1994ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கடமையையும் வைத்தது: காத்திருக்கும் குழந்தைகளின் இனங்களிலிருந்தே தத்துப் பெற்றோரைத் தேடித் திரட்ட வேண்டும். அந்தக் கடமை ஏட்டோடு நின்றுபோனதை 2008இல் டொனால்ட்சன் தத்து ஆய்வு நிறுவனம் சுட்டிக்காட்டியது.

இன்னொரு முடிச்சும் உண்டு. முகமை இனம் பார்க்கக் கூடாது; ஆனால் தத்தெடுக்க வருபவர் எந்த இனத்துக் குழந்தை வேண்டும் என்று சொல்லலாம். படிவத்தில் 'எந்த இனமும் சம்மதம்' என்று குறியிடுவது நல்ல மனசு. அந்த மனசு மட்டும் ஒரு பிள்ளையை வளர்த்துவிடாது. பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் என்ன செய்வீர்கள்? குழந்தையின் சுருள்முடியைப் பராமரிக்கக் கற்றுக்கொள்வீர்களா? உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் நண்பர்களில் குழந்தையின் இனத்தவர் உண்டா? உங்கள் அப்பா அம்மா அதைப் பேரப்பிள்ளையாக ஏற்பார்களா? இவற்றைக் கேட்க வேண்டும், பதில் இல்லாதவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். மாந்தர் தம்பதியிடம் கேட்டிருக்க வேண்டியதும் இத்தகைய கேள்விகளைத்தான்.

நிறத்தைக் காட்டிக் கதவைச் சாத்துவது அநீதி. நிறமே இல்லாததுபோல் பாவித்துக் குழந்தையை ஒப்படைப்பதும் அநீதிதான். இந்த இரண்டாவது அநீதியைத் தடுக்கும் பொறுப்பு முகமைகளுக்கும் பெற்றோருக்கும் கூடுதலாகவே இருக்கிறது.

இனப் பொருத்தத்தைச் சட்டமே வலியுறுத்தும் ஓர் இடமும் அமெரிக்காவில் உண்டு. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதை 2023இல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)