பழைய ஸ்மார்ட்போனும் வீட்டு வைஃபையும்: இணைப்பு எங்கே அறுகிறது?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கணினி வலையமைப்பு என்னும் அலகு வந்ததும் உங்களிற் பலர் வரைவிலக்கணங்களைப் பாடமாக்கிவிட்டு அடுத்த அலகுக்குச் சென்றுவிடுகிறீர்கள். மீடிறன், மறைகுறியாக்கம், ஐ.பி. முகவரி என்பன பரீட்சைத் தாளில் மட்டும் வாழும் சொற்கள் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அந்தச் சொற்கள் எல்லாம் உங்கள் வீட்டு மேசையில் கிடக்கும் பழைய போனுக்குள் நாள்தோறும் வேலை செய்கின்றன. அந்தப் போன் வைஃபையில் இணைய மறுக்கும்போது அவற்றுள் ஏதோ ஒன்று தடைப்பட்டுள்ளது என்பதே பொருள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வரத் தொடங்கின. குடாநாட்டில் எத்தனையோ வீடுகளில் அன்று கைகொடுத்தது அக்கா பாவித்துவிட்டுத் தந்த போன், அல்லது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா அனுப்பிய போன். இன்றும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் பாடநூல்களைத் தரவிறக்கிப் படிக்கலாம். பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேறும் இணையத்தில்தான் முதலில் வருகிறது. இந்த நிலையில் போன் வைஃபையில் இணையாவிட்டால், "இது பழசு, இனிச் சரிவராது, புதுசு வாங்கவேணும்" என்று முடிவு செய்துவிடுகிறோம். தோட்டம் செய்யும் குடும்பத்துக்கும் கடற்றொழில் செய்யும் குடும்பத்துக்கும் அது சிறிய செலவன்று. எனவே முடிவெடுக்கு முன் தடை எங்கே என்று கண்டுபிடிக்கப் பழகுவோம்.

ஒரு போன் இணையத்தை அடைவதற்கு நான்கு படிகள் உள்ளன. ஒரு வீட்டுக்குப் போகும் விருந்தாளியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் படலை அவர் கண்ணில் படவேண்டும். பின்பு "ஆர் அது?" என்ற கேள்விக்குச் சரியான விடை சொல்லவேண்டும். உள்ளே போனதும் இருக்க ஓர் இடம் வேண்டும். அதன் பின்னரே அந்த வீட்டார் வழியாக வேறு இடங்களுக்குச் சேதி அனுப்பலாம். போனுக்கும் இதே ஒழுங்குதான்: காணல், அனுமதி பெறல், முகவரி பெறல், வெளியுலகை அடைதல்.

படி 1: காணல்

போனின் வைஃபைப் பட்டியலில் உங்கள் வீட்டு வலையமைப்பின் பெயரே தெரியவில்லை என்றால் தடை இந்தப் படியில் உள்ளது. இங்கே கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை.

வைஃபை என்பது வானொலி அலை. வீட்டு ரவுட்டர்கள், அதாவது வழிப்படுத்திகள், பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு மீடிறன் பட்டைகளில் இயங்குகின்றன. பழைய போன்கள் பலவற்றால் 2.4 பட்டையை மட்டுமே கேட்கமுடியும். 2010 இல் வெளிவந்த ஐபோன் 4 அப்படிப்பட்டது. 5 கிகாஹேர்ட்ஸ் வசதி ஐபோன்களுக்கு 2012 இல் ஐபோன் 5 உடன்தான் வந்தது. 2015 இல் வந்த சாம்சுங் கலக்சி ஜே2 கூட 2.4 பட்டைப் போன்தான். ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் மட்டும் இயங்கினால் இந்தப் போன்களுக்கு அந்த வீட்டில் வைஃபையே இல்லை. அப்பாவின் புதிய போனில் ஹொட்ஸ்பொட் போடும்போதும் இதே சிக்கல் வரும். ஹொட்ஸ்பொட் அமைப்பில் 2.4 பட்டையைத் தெரிவு செய்தால் பழைய போன் அதைக் கண்டுகொள்ளும்.

விஞ்ஞானப் பாடத்தில் படித்த சமன்பாட்டை இங்கே பாவித்துப் பாருங்கள்.
வேகம் = மீடிறன் × அலைநீளம்
2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் = 3 × 10⁸ ÷ 2.4 × 10⁹ = 0.125 மீற்றர், அதாவது 12.5 சென்ரிமீற்றர்.
5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் = 3 × 10⁸ ÷ 5 × 10⁹ = 0.06 மீற்றர், அதாவது 6 சென்ரிமீற்றர்.

நீளம் கூடிய 2.4 அலை சுவர்களை ஊடுருவுவதில் சற்று வல்லது. எங்கள் ஊர்ப் பழைய நாற்சார் வீடுகளின் தடித்த கற்சுவர்களுக்குப் பின்னால் 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவில் மெலிந்துவிடும். ஆகவே பழைய போனின் பட்டை வேகத்திற் குறைந்ததாயினும் எட்டும் தூரத்திற் குறைந்ததன்று. தகரமோ இரும்பு அலுமாரியோ இடையில் இருந்தால் இரண்டு அலைகளும் தெறித்துத் திரும்பும். ரவுட்டரைத் தரையில் வைக்காது உயரத்தில், வீட்டின் நடுப்பகுதியில் வையுங்கள்.

இனி, வெளிநாட்டிலிருந்து வந்த போன்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்ப்போம். 2.4 பட்டை சிறு அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உலகின் பெரும்பாலான நாடுகளில் 1 முதல் 13 வரை பாவிக்கலாம். ஆனால் அமெரிக்கா, கனடா சந்தைகளுக்கான சாதனங்கள் வழக்கமாக 1 முதல் 11 வரையே பாவிக்கின்றன. எனவே கனடாவிலிருந்து வந்த பழைய போன் ஒன்று, ரவுட்டர் 12 அல்லது 13 ஆம் அலைவரிசைக்குப் போய்விட்டால் அதைக் காணாதுவிடலாம். அலைவரிசைத் தெரிவு "தானியங்கி" என இருந்தால், மின்சாரம் நின்று வரும்போது ரவுட்டர் புதிதாக ஓர் அலைவரிசையைத் தெரிவு செய்யக்கூடும். "நேற்று வேலை செய்தது, இண்டைக்குக் காணேல்லை" என்ற புதிருக்கு இதுவும் ஒரு காரணம். அலைவரிசையை 1, 6, 11 என்பவற்றுள் ஒன்றாக நிலைப்படுத்திவிடுங்கள். இம்மூன்றும் ஒன்றோடொன்று மேற்படிவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

வெளிநாட்டுப் போன் அங்குள்ள நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் எனப் பூட்டப்பட்டிருந்தால் பயப்படவேண்டாம். அந்தப் பூட்டு சிம்முக்குரியது, வைஃபையைத் தடுக்காது.

பெயரும் கவனிக்கத்தக்கது. வலையமைப்பின் பெயருக்கு உச்ச அளவு 32 பைற்று. யூனிகோட்டின் யூ.டி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைற்று. தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைற்று. "யாழ்ப்பாணம்" என்று எழுதக் கால், புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறிகள் வேண்டும். 11 × 3 = 33. ஒரே ஒரு பைற்றினால் எங்கள் ஊரின் பெயர் உள்ளே அடங்காது! பழைய போன்கள் சிலவற்றில் தமிழ்ப் பெயர் பெட்டி பெட்டியாகவும் தெரியும். ஆகவே வலையமைப்புக்கு ஆங்கில எழுத்தில் குறுகிய பெயர் வைப்பது நல்லது.

படி 2: அனுமதி பெறல்

பெயர் தெரிகிறது, தொட்டால் கடவுச்சொல் கேட்கிறது, கொடுத்தபின் இணைய மறுக்கிறது. இது இரண்டாம் படியின் தடை.

முதலில் எளியதைச் சோதியுங்கள். வைஃபைக் கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்துகள் இருக்கவேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. பூச்சியமும் "ஓ" என்ற ஆங்கில எழுத்தும் மாறிவிடுவது மிகவும் வழக்கமான தவறு. கடவுச்சொல்லை வீட்டில் யாரும் மாற்றியிருந்தால் பழையதைப் போன் நினைவில் வைத்திருக்கும். "ஃபொகெட்" என்ற கட்டளையால் அந்த வலையமைப்பை மறக்கச் செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் இணையாவிட்டால் மறைகுறியாக்க முறையைப் பார்க்கவேண்டும். காற்றில் செல்லும் தரவை அயலார் வாசிக்காதபடி மாற்றி அனுப்புவதே மறைகுறியாக்கம். அதன் வரலாறு இது:

1997: டபிள்யூ.ஈ.பி. முறை. 2001 இலேயே இதன் பலவீனம் வெளிப்படுத்தப்பட்டது.
2003: டபிள்யூ.பி.ஏ. முறை. இடைக்கால ஏற்பாடு.
2004: டபிள்யூ.பி.ஏ. 2 முறை. இன்றும் பரவலாகப் பாவிக்கப்படுகிறது.
2018: டபிள்யூ.பி.ஏ. 3 முறை. அன்ட்ரொயிட் போன்களில் 2019 இல் வந்த 10 ஆம் பதிப்பு முதலே ஆதரவு உண்டு.

புதிய ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் தெரிவு செய்யப்பட்டிருந்தால், அதற்கு முற்பட்ட போன் எவ்வளவு சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே போகமுடியாது. கேள்வி கேட்கும் மொழியே அதற்கு விளங்காது. ரவுட்டரின் அமைப்பில் 2 உம் 3 உம் சேர்ந்த கலப்பு முறையைத் தெரிவு செய்தால் பழையதும் புதியதும் தத்தமக்குரிய முறையில் இணையும்.

படி 3: முகவரி பெறல்

"ஒப்டெயினிங் ஐ.பி. அட்ரஸ்" என்ற வாசகத்தோடு போன் சுற்றிக்கொண்டே இருந்தால் அது மூன்றாம் படி. அனுமதி கிடைத்துவிட்டது, இருக்க இடம் கிடைக்கவில்லை.

வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியான ஐ.பி. முகவரி வேண்டும். வீடுகளில் இது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். இந்த முகவரிகளை ரவுட்டரே டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறையின்படி பகிர்ந்தளிக்கிறது. சிறிய 4ஜி ரவுட்டர்களில் ஒரே நேரத்தில் இணையக்கூடிய சாதனங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. கொண்டாட்டத்துக்கு வந்த உறவினர் எல்லாரும் இணைந்திருந்தால் உங்கள் போனுக்கு இடம் இராது. சிலரின் இணைப்பை நிறுத்திவிட்டோ ரவுட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்கியோ பாருங்கள்.

கைமாறி வந்த போனாயின் இன்னொன்றையும் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் அதே பெயருள்ள வலையமைப்புக்கு நிலையான ஐ.பி. முகவரி ஒன்றைக் கையால் இட்டிருக்கலாம். அதனைத் தன்னியக்க முறைக்கு மாற்றினால் போதும். போனின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் சாதனம் தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: வெளியுலகை அடைதல்

வைஃபை அடையாளம் முழுமையாக இருக்கிறது, தளங்கள் திறக்கவில்லை. முதலில் வீட்டிலுள்ள வேறு போனில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் இல்லையென்றால் உங்கள் போனிற் குற்றமில்லை. தரவு முடிந்திருக்கலாம், அல்லது சேவை தடைப்பட்டிருக்கலாம்.

மற்றப் போனில் வருகிறது, இதில் மட்டும் இல்லை என்றால் திகதியைப் பாருங்கள். ஆம், திகதியைத்தான்! பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. மின்கலம் முற்றாக இறங்கி நெடுநாள் கிடந்த போனில் திகதி 1970 ஜனவரி 1 போன்ற பழைய நாளுக்குப் போயிருக்கலாம். கணினிகள் பல அந்த நாளிலிருந்தே நேரத்தை எண்ணுகின்றன. 1970 இல் நிற்கும் போனுக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் தொடங்காதவையாகத் தெரியும். ஆகவே தளங்களை மறுத்துவிடும். திகதியையும் நேரத்தையும் திருத்தினால் பல போன்கள் உடனே உயிர்பெறும்.

திகதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் போனின் மென்பொருள் காலங்கடந்தது என்று கொள்ளலாம். உலகின் ஏராளமான தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 இல் காலாவதியானது. அன்ட்ரொயிட் 7.1.1 இற்கு முற்பட்ட போன்களில் புதிய வேர்ச் சான்றிதழ் இல்லை. அவற்றுக்காக இருந்த இடைக்கால ஏற்பாடும் 2024 இல் முடிந்தது. அன்ட்ரொயிட் 2.3.7 உம் அதற்கு முற்பட்டவையும் 2021 செப்டெம்பர் 27 முதல் கூகிள் கணக்கில் நுழையமுடியாதவை ஆயின. வட்ஸ்அப் 2025 ஜனவரியுடன் அன்ட்ரொயிட் 4.4 ஐக் கைவிட்டது.

இத்தகைய போனை நான்காம் படியில் முழுமையாக மீட்கமுடியாது. ஆனாலும் எறியவேண்டாம். நண்பரின் போனிலிருந்து புளூடூத் வழியாகவோ நினைவக அட்டை வழியாகவோ பாடநூலையும் வினாத்தாளையும் மாற்றி, இணையமின்றி வாசிக்கலாம். வங்கிக் கணக்கு, பணம் தொடர்பான செயலிகளை மட்டும் அதில் வைக்கவேண்டாம்.

செய்யக்கூடாதவை

பழைய போன் ஒன்றை இணைப்பதற்காக முழு வீட்டின் பாதுகாப்பையும் டபிள்யூ.ஈ.பி. முறைக்கு இறக்கவோ, கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவிடவோ வேண்டாம். ஸ்மார்ட்போன் என்று சொல்லத்தக்கவற்றில் மிகப் பெரும்பாலானவை டபிள்யூ.பி.ஏ. 2 ஐ அறிந்தவை. ஆகவே அதற்குத் தேவையே இல்லை. ரவுட்டரில் விருந்தினர் வலையமைப்பு வசதி இருந்தால் பழைய போனை அதில் இணைப்பது இன்னும் பாதுகாப்பானது. ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுமுன் வீட்டிலுள்ள பெரியவரிடம் கேளுங்கள்; பழைய அமைப்பை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மாதிரி வினாக்கள்

1. கலாவின் போனில் அயல்வீட்டு வலையமைப்புகள் தெரிகின்றன. அவளது வீட்டு வலையமைப்பு மட்டும் தெரியவில்லை. பொருத்தமான காரணங்கள் இரண்டு தருக.
விடை: ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் மட்டும் இயங்குதல், போன் ஆதரிக்காத அலைவரிசையில் இயங்குதல்.

2. டி.எச்.சி.பி. நெறிமுறையின் பணி யாது?
விடை: வலையமைப்பில் இணையும் சாதனங்களுக்கு ஐ.பி. முகவரிகளைத் தன்னியக்கமாக வழங்குதல்.

3. திகதி பிழையான போனில் பாதுகாப்பான தளங்கள் திறக்காமைக்குக் காரணம் யாது?
விடை: தளத்தின் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்துக்குப் புறம்பாகப் போனின் திகதி அமைவதால் சான்றிதழ் நிராகரிக்கப்படுதல்.

செயற்பாடு: உங்கள் வீட்டிலுள்ள ஒரு போனை எடுத்து அதன் அன்ட்ரொயிட் பதிப்பு, அது காணும் பட்டை, அதன் ஐ.பி. முகவரி என்பவற்றைக் கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்த வகுப்பில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.