நிலத்தின் கீழே காத்த விளைச்சல்

திருப்பலிப் பீடத்தில் வைக்கப்படும் இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்து வருவது என்பதை நாம் அறிவோம். அப்பழத்தை விளைவிக்கும் கமக்காரரும் ஒரு காலத்தில் ஷெல்லடிக்குள் அகப்பட்டு, ஊரைவிட்டு இடம்பெயர்ந்தவர்கள் என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பிரான்சின் வடகிழக்கே, ரெய்ம்ஸ் நகரிலுள்ள பொமெரி நிறுவனத்தின் கதை இது. குடிப்பதற்குத் தூண்டுவது எமது நோக்கமன்று. ஒரு பயிரையும் அதை நம்பி வாழ்ந்த மக்களையும் பற்றியே எழுதுகின்றோம்.

விதவை எடுத்த பொறுப்பு

1858இல் கணவர் இறந்தபோது லூயிஸ் பொமெரி அம்மையாருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை. கையிலே பச்சிளம் குழந்தை இருந்தது. சிறிய வியாபாரத்தைத் தாமே பொறுப்பேற்று, நுரைக்கும் வெள்ளை இரசமான சம்பேனில் கவனம் செலுத்தினார். நகரின் ஓரத்தில், பழங்காலத்தில் கட்டடக் கல்லுக்காகத் தோண்டிக் கைவிடப்பட்ட சுண்ணக்கல் குழிகள் இருந்தன. அவற்றின் ஆழம் சுமார் 30 மீற்றர். 1868இல் வேலையை ஆரம்பித்து, இக்குழிகளைச் சுரங்கப் பாதைகளால் இணைத்தார். இன்று அந்த நிலவறைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 18 கிலோமீற்றர். கோடையிலும் மாரியிலும் அங்கே குளிர் 10 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும்.

இரசம் உருவாகும் முறை

சம்பேன் பிரதேசத்தில் குலைகளைக் கையால்தான் ஆய வேண்டும். குலைகள் முழுதாகவே பிழியப்படும். கறுத்தப் பழமானாலும், தோலுடன் ஊறவிடாமல் மெதுவாகப் பிழிந்தால் சாறு வெளிறியே வரும். 4000 கிலோ பழத்திலிருந்து 2550 லீற்றர் சாறு மட்டுமே எடுக்க அனுமதி உண்டு. சாறு முதலில் பெரிய கலத்தில் புளித்து இரசமாகும். பின்னர் சிறிது சீனியும் நொதியும் சேர்த்துப் போத்தலில் அடைப்பார்கள். போத்தலுக்குள் மீண்டும் புளிக்கும்போது உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி இரசத்திலேயே கரைந்துவிடும். அதுவே நுரை. நிலவறையின் குளிர் இந்த வேலையை மெதுவாக நடத்துகிறது. ஆகக் குறைந்தது 15 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதன்பின் போத்தலைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றுவார்கள்.

அக்காலத்துச் சம்பேன் மிகவும் இனிப்பானது. 1874ஆம் ஆண்டு விளைச்சலில், இனிப்பு மிகக் குறைந்த இரசத்தை அம்மையார் தயாரித்தார். சீனி குறைந்தால் குறையை மறைக்க முடியாது. நன்கு பழுத்த பழமே வேண்டும். அம்மையார் 1890இல் காலமானார்.

யுத்தமும் இடப்பெயர்வும்

1914 செப்ரெம்பரில் முதலாம் உலக யுத்தம் ரெய்ம்ஸை எட்டியது. அம்மாதம் 19ஆந் திகதி பேராலயம் ஷெல்லடியில் எரிந்தது. ஆண்கள் போர்முனையில் இருந்தார்கள். ஆயினும் பழம் காத்திருக்காது. பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் வெடிச்சத்தத்துக்கு நடுவே குலைகளை ஆய்ந்தார்கள். அதில் உயிரிழந்தோரும் உண்டு. நகர மக்கள் சம்பேன் நிலவறைகளுக்குள் குடியேறினார்கள். 1914 டிசெம்பரில் பொமெரி நிலவறையில் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் திறக்கப்பட்டது. 1918 மார்ச்சில் எஞ்சியிருந்த மக்களும் வெளியேற்றப்பட்டனர்.

திரும்பி வந்தவர்கள் கண்டது இடிந்த வீடுகளையும், பதுங்குகுழிகள் வெட்டப்பட்ட தோட்டங்களையும், வெடிக்காத குண்டுகளையும்தான். இதற்கு மேலும் ஒரு துன்பம் இருந்தது. வேரை உறிஞ்சி அழிக்கும் பிலொக்சரா என்ற பூச்சி 1890களிலிருந்தே அப்பிரதேசத்தில் பரவிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் அமெரிக்க முந்திரிகையின் வேரில் தமது பழைய இனத்தை ஒட்டுக்கட்டி, கமக்காரர் தோட்டங்களைப் புதிதாக நட்டார்கள். புதுக்கொடி பயன்தரும்வரை மூன்று ஆண்டுகள் அளவில் காத்திருக்க வேண்டியிருந்தது. வேர் வேறானாலும் காய்த்தது அவர்களது பழமே.

2015இல் யுனெஸ்கோ இப்பிரதேசத்தின் குன்றுகளையும் நிலவறைகளையும் உலக மரபுரிமையாக அறிவித்தது. ரெய்ம்ஸ் மக்களுக்கு அவை அதற்கு முன்பே புகலிடமாக இருந்தவை.

எமது வாசகர்களில் பலர் காணியைப் பிரிந்து வாழ்கிறவர்கள். காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒட்டுக்கட்டும் கைப்பழக்கத்தையும், எந்த மண்ணில் எது விளையும் என்ற அறிவையும் கொண்டு போகலாம். அந்தக் கமக்காரர் திரும்பி வந்தபோது அவர்களிடம் மிஞ்சியிருந்தது அதுதான். இன்று முகாமிலோ உறவினர் வளவிலோ இருந்தாலும், ஒரு மாமரத்தை எவ்வாறு ஒட்டுவது என்று உங்கள் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள். காணி உறுதியையும் பத்திரமாக வையுங்கள்.