கணுக்கால் முறிவு அறுவைக்குப் பின் அசைவும் ஊன்றலும்

கணுக்கால் மூட்டு என்பது முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் பாதத்தின் மேல் எலும்பும் சேரும் இடமாகும். இங்கு எலும்பு முறிந்து துண்டுகள் இடம் விலகியிருந்தால், அறுவை மருத்துவத்தின் மூலம் அவற்றைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து உலோகத் தகடும் திருகுகளும் பொருத்துவர். அதன்பின் மூட்டை எப்போது அசைப்பது, காலை எப்போது தரையில் ஊன்றுவது என்பவை இரு தனித்தனிக் கேள்விகள். இவற்றை ஒன்றெனக் கருதுவதால் குழப்பம் நேர்கிறது.

வரலாறு

அறுவைக்குப் பின் ஏறத்தாழ 6 வாரங்கள் மாவுக்கட்டுப் போட்டு, காலை ஊன்றாமல் வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். 1958 இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஏ.ஓ. என்னும் அறுவை மருத்துவர் குழு, முறிவை உறுதியாகப் பொருத்திவிட்டால் மூட்டை விரைவில் அசைக்கலாம் என்னும் கொள்கையைப் பரப்பியது.

அசையாமையின் விளைவுகள்

அசையாத காலில் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, எலும்பும் வலுக் குறைகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலின் இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அது நின்றால் வீக்கம் நீடிப்பதுடன், ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. மறுபுறம், அறுவைக் காயம் ஆறுவதற்கு ஓய்வு தேவை. மிக விரைவில் அசைத்தால் காயம் ஆறுவதில் சிக்கல் வரலாம் என்பதே மருத்துவர்களின் தயக்கத்துக்குக் காரணம்.

ஆய்வுகள்

பிரித்தானியாவில் 669 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021 இல் வெளியானது. அறுவை செய்தவர்களும் செய்யாதவர்களும் அதில் இருந்தனர். மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கும், கழற்றி மாட்டக்கூடிய கணுக்கால் தாங்கி அணிந்து பயிற்சி செய்தவர்களுக்கும் இடையே 16 வாரங்களின் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அதே நாட்டில் அறுவை செய்துகொண்ட 480 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2024 இல் வெளியானது. 2 வாரங்களில் காலை ஊன்றத் தொடங்கியவர்களின் நிலை, 6 வாரங்கள் காத்திருந்தவர்களின் நிலையைவிட 4 மாத முடிவில் தாழ்ந்திருக்கவில்லை. எனவே விரைவில் ஊன்றுவது பலருக்குப் பாதுகாப்பானதே. மாவுக்கட்டும் தவறான முறையன்று.

யார் காத்திருக்க வேண்டும்?

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பொருத்திய தகடு நெகிழ்ந்தாலும் வலி தெரியாமல் போகலாம். எலும்பு மெலிந்தவர்கள், இரு கீழ்க்கால் எலும்புகளையும் பிணைக்கும் தசைநார் கிழிந்தவர்கள், காயம் ஆறாதவர்கள் ஆகியோருக்கும் கூடுதல் காலம் தேவைப்படலாம்.

நோயாளர் அறிய வேண்டியவை

வீடு திரும்புமுன் "எப்போது அசைக்கலாம்? எப்போது ஊன்றலாம்?" என்று மருத்துவரிடம் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். அசைக்க அனுமதி கிடைத்தது என்பதற்காக நடக்கத் தொடங்கக் கூடாது. ஊன்ற வேண்டாம் என்றதற்காக, அனுமதித்த பயிற்சியை அஞ்சி நிறுத்திவிடவும் கூடாது. காயத்தில் சீழ், கெண்டைக்காலில் புதிய வலி அல்லது வீக்கம் தோன்றினால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்பட்டால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.