காக்கையும் பனம்பழமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோன்றியது. "அங்குள்ள லேத் பட்டறைகளைக் குறித்து வா" என்று ஒருவரிடம் சொன்னால், அவர் பேட்டைக்குள் நுழைந்து தேடலாம். அல்லது சென்னையிலுள்ள லேத் பட்டறைகளையெல்லாம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் பேட்டைக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். விடை ஒன்றே, ஆகும் நேரம்தான் வேறு. இணையப் பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேடிப் பிடிப்பதும் இத்தகையதே.

2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்னும் நிரல் தொகுப்பு இத்தேடலை எளிதாக்கியது. 2009 ஜனவரியில் வந்த 1.3ஆம் பதிப்பில் 'சிசில்' என்னும் புதிய தேடும் பொறி சேர்ந்தது. அது பெரும்பாலும் வலமிருந்து இடமாகத் தேடும். அதாவது, மேற்சொன்ன இரண்டாவது வழி. பின்னர் வந்த உலாவிகளில் தேடும் ஆற்றல் உள்ளேயே அமைந்தது. சி.எஸ்.எஸ். விதிக்கு உட்பட்ட சொற்களைத் தொகுப்பு உலாவியிடமே ஒப்படைத்துவிடும். 'விசிபிள்' போன்று தொகுப்பு தானே சேர்த்துக்கொண்ட சொற்களை உலாவி அறியாது. அவற்றைத் தொகுப்பே ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

இனி என் கதை. துறை நூலகப் புத்தகப் பட்டியலுக்கு நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தொகுப்பின் புதிய பதிப்பை இட்ட மறுநாள், ஓர் எழுத்தைத் தட்டினாலே திரை உறைந்து நின்றது. "புதிய பதிப்புதான் காரணம், ஐயா" என்று பேராசிரியரிடம் அடித்துச் சொன்னேன். அவர், "பழையதைத் திரும்ப வைத்துப் பார்த்தாயா? அன்று வேறு எதுவும் மாறவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

பழையதை வைத்தேன், அதே தாமதம்! அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 300 புத்தகங்கள் இருந்த பட்டியலில் அன்றுதான் 3,000 புத்தகங்களை ஏற்றியிருந்தேன். வரிசை எண் இடுவதற்காக, ஒவ்வொரு வரிக்கும் கண்ணுக்குத் தெரியும் வரிகளை எல்லாம் மீண்டும் தேடும்படி எழுதியிருந்தேன். 300 வரிகளை 300 முறை பார்த்தால் 90,000 சோதனைகள். 3,000 வரிகளை 3,000 முறை பார்த்தால் 90 லட்சம்! வரிகள் பத்து மடங்கு. வேலையோ நூறு மடங்கு.

திருத்தம் எளிதாகவே இருந்தது. அட்டவணைக்கு உரிய தனி அடையாளப் பெயரைக் கொண்டு அதை முதலில் பிடித்தேன். அதனுள் உள்ள வரிகளைச் சுழற்சிக்கு வெளியே ஒரே முறை தேடி ஒரு மாறியில் வைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிபவற்றை அதிலிருந்து 'ஃபில்டர்' கொண்டு பிரித்தேன். பக்கம் பழையபடி ஓடியது. புதிய பதிப்பும் அப்படியே இருந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். நான் காக்கையைக் குற்றவாளியாக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து பார்த்து, அதன் பிறகே பழி சொல்ல வேண்டும். இதை ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் கற்கிறோம். கணினியின் முன் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம்!

— இளம் அறிவியல் இரண்டாமாண்டு மாணவர்